லைசன்ஸ் துப்பாக்கியோடு விமானம் ஏறுவதற்கு முன்

மலேசியாவில் துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருக்கும் நம்மவர்கள் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். செபராங் பிறையில் தோப்பும் தோட்டமும் வைத்து, காட்டுப்பன்றித் தொல்லைக்காக செனாப்பாங் என்ற நீளத் துப்பாக்கி வாங்கியவர்கள் உண்டு. பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வியாபாரிகள் உண்டு. குறிசுடும் போட்டிகளில் இறங்கும் இளைஞர்களும் இப்போது வருகிறார்கள். இவர்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை: லைசன்ஸ் கையில் இருந்தால் போதும், பெட்டியில் பூட்டி விமானத்தில் போட்டுவிடலாம் என்று. அந்த நம்பிக்கை ஆபத்தானது. லைசன்ஸ், துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே அனுமதி தருகிறது. அதை விமானத்தில் ஏற்றுவதற்கும், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதற்கும், திரும்பக் கொண்டுவருவதற்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் சட்டம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அதாவது சட்டம் 206, 'ஆயுதம்' என்பதற்கு மிக விரிந்த பொருள் தருகிறது. வெடிமருந்தில் சுடுவது மட்டுமல்ல, காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். துப்பாக்கியின் உதிரிப் பாகமும் அதற்குள் அடங்கும். லைசன்ஸோ பெர்மிட்டோ இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால், அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே சட்டவிரோதமாகக் கையில் இருந்தால் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டமும் பாயலாம்: 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இத்தனை கடுமையான சட்டம் உள்ள நாட்டில் விமான நிலையக் கவுண்டரில் நின்று "எனக்குத் தெரியாது" என்று சொல்வது எடுபடாது.

லைசன்ஸ் வேறு, பெர்மிட் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லைசன்ஸ் உரிமையாளருக்கு. அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் எடுத்துச் சென்று பயன்படுத்த வேண்டுமானால் அந்த இன்னொருவர் பெயரில் பெர்மிட் வேண்டும். குடும்பங்களில் இது அடிக்கடி மறந்துபோகிறது. அப்பாவின் துப்பாக்கியை மகன் போட்டிக்குக் கொண்டுபோகிறான், அண்ணனின் செனாப்பாங்கைத் தம்பி காரில் ஏற்றுகிறான். உறவு நமக்குப் பெரிது. சட்டம் பார்ப்பது தாளில் உள்ள பெயரை மட்டும்தான்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது சட்டத்தின் பார்வையில் ஏற்றுமதி. திரும்பக் கொண்டுவருவது இறக்குமதி. உங்கள் சொந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், ஒரு வாரப் போட்டிக்காகப் போய் வந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் போலீஸ் அனுமதி தேவை. போகும் அனுமதியில் முழுக் கவனத்தையும் வைத்துவிட்டு, திரும்பி வருவதற்கானதைக் கேட்க மறப்பவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். லைசன்ஸ் வழங்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருப்பதால், வேலை அங்கிருந்துதான் தொடங்கும். பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜாலான் பினாங்கில் உள்ள மாநிலப் போலீஸ் தலைமையகம், கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் ஹங் துவா. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ இருப்பது சிலாங்கூரின் சிப்பாங்கில் என்பதால் சிலர் குழம்புகிறார்கள். விமானம் எங்கே ஏறுகிறீர்கள் என்பது வேறு, உங்கள் லைசன்ஸ் எந்த மாநிலத்தில் பதிவானது என்பது வேறு. பேச வேண்டியது லைசன்ஸ் கொடுத்த அலுவலகத்தோடுதான். துப்பாக்கியின் வரிசை எண் லைசன்ஸ், அனுமதிக் கடிதம், போட்டி அழைப்பு எல்லாவற்றிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்தில் இப்படி ஒரு பிழை தெரியவந்தால் அங்கே அதைத் திருத்த யாராலும் முடியாது.

அடுத்து, இறங்கப்போகும் நாடு. நம் போலீஸ் கொடுத்த கடிதம் அங்கே செல்லாது. பிரிட்டனுக்குப் போகிறவருக்கு அங்குள்ள ஒருவர் முன்நின்று, உள்ளூர்ப் போலீஸிடம் வருகையாளர் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவுக்குக் குடியேறாத பயணியாகப் போகிறவர் 6என்ஐஏ என்ற படிவத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பலரும் யூடியூபில் பார்க்கும் அமெரிக்கக் காணொளிகள் அந்த நாட்டுக்குள்ளேயே பறக்கும் அமெரிக்கர்களுக்கானவை: கெட்டிப் பெட்டியில் பூட்டி, கவுண்டரில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இங்கே அதே மாதிரி செய்ய நினைக்க வேண்டாம். நடுவில் விமானம் மாறும் நாட்டையும் மறக்கக் கூடாது. பை நேராகப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருந்தாலும், துப்பாக்கி அந்த மண்ணைத் தொடுகிறது. நேரடி விமானம் சற்று விலை கூடுதல் என்றாலும் அதையே எடுப்பது நல்லது.

விமான நிறுவனத்தின் சம்மதம் இன்னொரு படி. டிக்கெட் வாங்கிய பிறகு கேட்பதைவிட வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அனைத்துலக விதிகளின் சாரம் இது: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, அதைத் தகுதியுள்ள ஒருவர் சோதித்து உறுதிசெய்ய வேண்டும், பறக்கும்போது யார் கைக்கும் எட்டாத சரக்கறையில் அது இருக்க வேண்டும். இதனால்தான் சிறிய விமானங்களில் சிக்கல் வருகிறது. சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் ஏடிஆர் 72 வகை விமானத்தில் சாமான் அறை பயணிகள் உட்காரும் அதே தளத்தில், முன்னும் பின்னுமாக இருக்கிறது. பெரிய ஜெட்டில் ஏற்றுக்கொள்வதை இதில் ஏற்க மறுத்தால் அதற்குக் காரணம் உண்டு. இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் மாறிப் போகிறீர்கள் என்றால் இரண்டிடமும் சம்மதம் வேண்டும்.

தோட்டாவுக்குத் தனிக் கணக்கு. அனைத்துலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி, சொந்தப் பயனுக்காக ஒருவருக்கு மொத்த எடை 5 கிலோ வரை, அதுவும் நிறுவனம் ஒப்புக்கொண்டால், கவுண்டரில் ஒப்படைக்கும் பதிவுப் பையில் மட்டும். 5 கிலோ என்பது உறையும் சேர்ந்த எடை. இரண்டு பேர் பங்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் 10 கிலோ வைக்க முடியாது. வெடிக்கும் அல்லது தீப்பற்றவைக்கும் முனை கொண்ட தோட்டாக்களுக்கு இடமே இல்லை. காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உருளையில் உள்ள அழுத்தக் காற்றை வெளியேற்றிவிட்டு வர வேண்டும். குறிக்கண்ணாடிக்கான உபரி லித்தியம் பேட்டரி மட்டும் இதற்கு நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பதிவுப் பையில் கூடாது.

பயண நாளில் சீக்கிரம் போங்கள். கைப்பேசியில் செக்-இன் செய்து, இயந்திரத்தில் பையைப் போட்டுவிட்டுப் போகும் வழி உங்களுக்கு இல்லை. ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போய், வாயால் சொல்வதற்கு முன் கடிதத்தை நீட்டுங்கள். 2024 ஏப்ரலில் கேஎல்ஐஏ முதலாம் முனைய வருகை மண்டபத்திலேயே துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் காயமடைந்தார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் 'துப்பாக்கி' என்ற சொல் காதில் விழுந்தால் ஊழியர்கள் பதறுவது இயல்புதான். போலீஸ் அதிகாரி வந்து சோதிக்கும்போது நீங்களாகவே பெட்டியைத் திறந்து துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள், அவர் சொல்லும்வரை காத்திருங்கள். திரும்பி வரும்போது, கொண்டுவருவதை அறிவிக்க வேண்டியவர்களுக்கான சுங்கத்துறையின் சிவப்பு வழியில் போங்கள்.

இதுவரை சொன்னது சிலருக்கு. இனிச் சொல்வது எல்லோருக்கும். விமான நிலையங்களில் நம் மக்கள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் இருப்பது துப்பாக்கியால் அல்ல, ஒற்றைத் தோட்டாவால். வேட்டைக்குத் தூக்கிப்போன அதே முதுகுப்பையை மகள் லங்காவிக்கு எடுத்துப்போகிறாள், அடிப்பையில் ஒன்று கிடக்கிறது. வியட்நாமின் கூ சி சுரங்கத்துக்குச் சுற்றுலா போனவர் தோட்டாச் சாவிக்கொத்து ஒன்றை ஆசையாக வாங்கி வருகிறார். எக்ஸ்ரே திரையில் உயிருள்ள தோட்டாவும் வெற்றுத் தோட்டாவும் ஒரே வடிவம்தான். பை திறக்கப்படும், போலீஸ் வரும், விமானம் போய்விடும். சென்னையிலோ திருச்சியிலோ இது நடந்தால் இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு. தெரிந்தே வைத்திருந்தாரா என்பது முக்கியம் என்று இந்திய நீதிமன்றங்கள் பார்ப்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்கும்வரை ஊர் திரும்ப முடியாமல் அலைய வேண்டியது நீங்கள்தான். பயணத்துக்கு முன் பையின் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்காக பாங்காக்கிலிருந்து அசல்போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி வாங்கி வராதீர்கள். போலித் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இருக்கிறது: ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்பிள்ளைகள் தற்காப்புக்காக வைத்திருக்கும் மிளகு ஸ்ப்ரே விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பதிவுப் பையிலும் கூடாது.

துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை, பிள்ளையைப் பார்க்க ஆஸ்திரேலியா என்று இரண்டு மூன்று மாதம் கிளம்பும் பெரியவர்கள், அலமாரிச் சாவியை மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. அவர் பெயரில் பெர்மிட் இல்லையென்றால் அவரைச் சிக்கலில் தள்ளிவிட்டுத்தான் நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். புறப்படுவதற்கு முன் போலீஸ் நிலையத்தில் பேசி, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அங்கேயோ லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இல்லாத காலத்தில் லைசன்ஸ் புதுப்பிக்கும் தேதி வருகிறதா என்பதையும் அதே நேரத்தில் அங்கேயே கேட்டுவிடுங்கள்.