ஸ்டூட்பேக்கர் தொழிலாளிகளின் பென்ஷன் எங்கே போனது?

போன கோடையில் வடக்கு இண்டியானாவில் நடந்த ஒரு பழைய வண்டிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். புல்வெளியில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் ஒரு பிக்கப்பின் பின்னால் நின்றுவிட்டேன். ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. ஓட்டுபவர் உட்காரும் அறை ஒடுக்கம். பின்னால் இருக்கும் சரக்குப் பெட்டி அதைவிட அகலம். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்ட மாதிரி இரண்டு பக்கமும் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது.

அது ஸ்டூட்பேக்கர் என்ற பழைய அமெரிக்க வண்டிக் கம்பெனியின் சாம்ப், 1962ஆம் வருட வண்டி. உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்" என்று அவரே ஆரம்பித்தார். புதிதாக வண்டி வடிவமைக்கக் கம்பெனியிடம் பணம் இல்லை. அதனால் லார்க் என்ற தங்கள் சிறு காரின் முன்பாதியை எடுத்துப் பழைய லாரிச் சட்டத்தின் மேல் வைத்தார்கள். அகலப் பெட்டியின் தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகளை டாட்ஜ் நிறுவனத்திடமிருந்து வாங்கினார்கள். அச்சு டாட்ஜ் லாரியின் அகலத்துக்குச் செய்தது, இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. பொருந்தாததை அப்படியே விற்றார்கள்.

அவருடைய அப்பா இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊரில் இருந்த ஸ்டூட்பேக்கர் ஆலையில் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவராம். இந்த வண்டியையும் அப்பாதான் வாங்கினாராம். ஆலை மூடிய அறிவிப்பு வந்தபோது இவருக்குப் பத்து வயது.

என் தொழில் ஓய்வூதியக் கணக்கு. பதினெட்டு வருடமாக இதே வேலை. ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குத் தருவதாகச் சொன்ன பென்ஷன் எவ்வளவு, அதற்காக ஒதுக்கி வைத்திருக்கும் பணம் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவில் பள்ளம் எவ்வளவு என்று பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்கும் முதல் கதை ஸ்டூட்பேக்கர். இருந்தும் அந்தப் பெட்டியை நேரில் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு அது முழுதாக உறைத்தது. கையில் காசு இல்லை என்பதை அந்தக் கம்பெனி ஊர் முழுக்க ஓட்டிக் காட்டியிருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

சாதாரணக் கம்பெனி இல்லை அது. 1852இல் ஹென்றி, கிளெமென்ட் என்ற அண்ணன் தம்பி இருவர் 68 டாலர் முதலீட்டில் சவுத் பெண்டில் தொடங்கிய கொல்லுப்பட்டறை. இன்னொரு தம்பி ஜான் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குப் போனார். தங்கம் தோண்டுவதைவிடத் தோண்டுகிறவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்பதில் காசு அதிகம் என்று கண்டுகொண்டார். 1858இல் 8,000 டாலர் சேமிப்போடு ஊர் திரும்பி, அதைத் தொழிலில் போட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குப் பார வண்டிகள் செய்து கம்பெனி பெருத்தது. 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார், அப்புறம் லாரிகள்.

லாரி என்று பார்த்தால் ஸ்டூட்பேக்கரின் பெரிய காலம் இரண்டாம் உலகப்போர். யூஎஸ்6 என்ற இரண்டரை டன் லாரி; ஆறு சக்கரமும் இழுக்கும் வகை அதில் உண்டு; எஞ்சின் ஹெர்குலிஸ் கம்பெனியுடையது. கிட்டத்தட்ட 2 லட்சம் லாரிகள் இவர்கள் கையிலிருந்து போயின. அதில் பெரும்பங்கு சோவியத் யூனியனுக்கு. சேற்றிலும் பனியிலும் நிற்காமல் ஓடியதால் ரஷ்யப் படைவீரர்கள் அதை 'ஸ்டூடர்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். கத்யூஷா ராக்கெட் ஏவிகளை அதன் முதுகில் ஏற்றிச் சண்டை போட்டார்கள். சவுத் பெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இதை இன்றைக்கும் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான்.

அதற்கு முன்பே ஒரு முறை கம்பெனி விழுந்து எழுந்திருக்கிறது. 1932இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், கிளீவ்லாண்டில் இருந்த ஒயிட் மோட்டார் என்ற லாரிக் கம்பெனியை ஸ்டூட்பேக்கர் வாங்கப் பார்த்தது. ஒயிட் நல்ல லாரிகள் செய்த கம்பெனி, கையில் ரொக்கமும் வைத்திருந்தது. அந்த ரொக்கம் வந்தால் மூச்சு விடலாம் என்று கணக்கு. ஒயிட்டின் பங்குதாரர்களில் ஒரு சிறு பகுதியினர் ஒத்துக்கொள்ளவில்லை, பணம் கைக்கு வரவில்லை. 1933 மார்ச்சில் ஸ்டூட்பேக்கர் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்களிடம் போனது. (ஒயிட்டும் 1980இல் திவாலானது. அதன் அமெரிக்க லாரித் தொழிலை வால்வோ வாங்கிக்கொண்டது.) வரப்போகிற பணத்தை வந்த பணமாக எண்ணியதுதான் அன்றைக்கு நடந்தது. முப்பது வருடம் கழித்துத் தொழிலாளிகளும் அதே மாதிரி எண்ணினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர்களிடம் யாரும் கணக்கைக் காட்டவில்லை.

1950இல் தொழிற்சங்கத்தோடு பேசி பென்ஷன் திட்டம் தொடங்கினார்கள். அன்றைக்கு 50 வயதான ஒருவர் ஏற்கெனவே 25 வருடம் உழைத்திருப்பார் அல்லவா? அந்த 25 வருடத்துக்கும் சேர்த்தே பென்ஷன் என்று வாக்குக் கொடுத்தார்கள். நியாயமான வாக்குதான். ஆனால் அந்த 25 வருடத்தில் அவர் பெயரில் ஒரு காசுகூட எடுத்து வைக்கப்படவில்லை. அந்தக் கடனை 30 வருடத் தவணையில் நிதிக்குள் கட்டுவதாக ஏற்பாடு. இடையில் பென்ஷன் தொகையை உயர்த்தும்போதெல்லாம் அந்த உயர்வுக்கும் பழைய வருடங்கள் சேர்ந்தன, அதற்கு மறுபடியும் ஒரு புதுத் தவணை.

வீட்டுக் கடன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 30 வருடக் கடனில் 13 வருடம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள், நடுவில் இரண்டு முறை மாடி கட்ட மேற்கொண்டு கடன் வாங்கியிருக்கிறீர்கள். அப்போது சம்பளம் நின்றுவிடுகிறது. வீடு யாருடையது? இதில் என்னைப் பயமுறுத்துவது, யாரும் திருடவில்லை என்பதுதான். அன்றைய நடைமுறைக்கு அது தவறான திட்டமே இல்லை. கம்பெனி 30 வருடம் உயிரோடு இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் மொத்தமும் நின்றது.

1963 டிசம்பர் 9, திங்கட்கிழமை. கென்னடி சுடப்பட்டு 17 நாள்தான் ஆகியிருந்தது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. சவுத் பெண்டில் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. கார்கள் கனடாவின் ஹாமில்டன் ஆலையில் 1966 மார்ச் வரை வந்தன. லாரிகள் சவுத் பெண்டோடு முடிந்தன.

நிதியில் இருந்ததைப் பங்கிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களும் 60 வயதை எட்டியவர்களும் சுமார் 3,600 பேர். அவர்களுக்கு முழுப் பென்ஷன். நிதியின் பெரும்பகுதி அதற்கே போனது. 40 முதல் 59 வயது வரை, பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் சுமார் 4,000 பேர். அவர்களுக்குச் சேர வேண்டிய மதிப்பில் ஏறத்தாழ 15 சதவீதம், ஒரே தடவையாக. மீதி 2,900 பேருக்கு ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த அந்த 4,000 பேரின் சராசரி வயது 52, சராசரிப் பணிக்காலம் 23 வருடம். 23 வருடம் உழைத்தவருக்கு நூறுக்குப் பதினைந்து. 52 வயதில், ஊரின் பெரிய ஆலை மூடிய பிறகு, புது வேலை தேடிப் போகவேண்டிய கட்டாயம்.

கண்காட்சியில் அந்தப் பெரியவரிடம் அவர் அப்பா இந்த மூன்று கூட்டத்தில் எதில் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கொடுமை அமெரிக்க நாடாளுமன்றத்தில் பத்து வருடம் பேசப்பட்டது. இண்டியானாவின் செனட்டர் வான்ஸ் ஹார்ட்கே 1964இலேயே பென்ஷனுக்குக் காப்பீடு வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் விடாமல் தள்ளினார். 1974 செப்டம்பர் 2, தொழிலாளர் தினத்தன்று, ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். எரிசா என்று நாங்கள் தினமும் உச்சரிக்கும் பென்ஷன் சட்டம் அதுதான். கம்பெனிகள் கட்டும் பிரீமியத்தில் நடக்கும் பி.பி.ஜி.சி. என்ற காப்பீட்டு அமைப்பும் அதில்தான் பிறந்தது. கம்பெனி விழுந்தால், ஒரு உச்சவரம்பு வரை, பென்ஷனை அது தொடர்ந்து தரும்.

அதனால் இன்றைக்குக் கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் வரும் தமிழர்களில் பலர் தங்களுக்கு 401(கே), அதாவது சம்பளத்திலிருந்து பிடித்துப் போடும் ஓய்வுக்காலச் சேமிப்பு, மட்டும்தான் உண்டு என்று நம்புகிறார்கள். காகிதங்களைப் புரட்டினால் பழைய கம்பெனியில் ஒரு பென்ஷனும் இருக்கும், 'கேஷ் பேலன்ஸ்' என்ற பெயரில். பார்க்க சேமிப்புக் கணக்கு மாதிரி தெரியும், சட்டப்படி அது பென்ஷன். அந்தக் கம்பெனியில் வழக்கமாக மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் பணம் உங்களுடையது. ஒரு தம்பி வேலை மாறப்போவதாகச் சொல்லிவிட்டு, வரிக்காக ஏதோ கேட்க வந்தார். சேர்ந்த தேதியைப் பார்த்தேன். மூன்று வருடம் முடிய ஆறு வாரம் இருந்தது. புதுக் கம்பெனியிடம் பேசி சேரும் தேதியைத் தள்ளிவைத்தார். அந்த ஆறு வாரத்தால் அவர் கையைவிட்டுப் போகாமல் தங்கிய தொகை அவர் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

இன்னொருவர் 2009இலேயே கோயம்புத்தூர் திரும்பிவிட்டவர். பழைய கம்பெனியின் கடிதங்கள் அவர் காலி செய்த அபார்ட்மென்ட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. ஊர் திரும்பும்போது கார், சோபா எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு விற்கிறோம். பென்ஷன் நிர்வாகிக்குப் புது முகவரி கொடுக்க மறந்துவிடுகிறோம். தொலைந்த கணக்குகளைத் தேட அமெரிக்கத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் ஒரு தேடல் தளம் திறந்திருக்கிறது. பி.பி.ஜி.சி.யிடமும் கேட்பாரில்லாத பென்ஷன்களின் பட்டியல் உண்டு. ஒரு மாலை செலவழித்துத் தேடிப் பாருங்கள்.

401(கே) வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதற்குப் பி.பி.ஜி.சி. காப்பீடு கிடையாது. பணம் உங்கள் பெயரில் தனியாக இருப்பதால் கம்பெனி விழுந்தாலும் அது போகாது. ஆனால் அந்தப் பணத்தை அதே கம்பெனியின் பங்கில் போட்டு வைத்திருந்தால்? 2001இல் என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி விழுந்தபோது ஊழியர்கள் வேலையையும் சேமிப்பையும் சேர்த்தே இழந்தது இப்படித்தான். உங்கள் சம்பளம் வரும் இடத்திலேயே சேமிப்பையும் வைக்காதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பென்ஷன் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய காகிதம் ஒன்று உண்டு. வருடாவருடம், பெரிய திட்டங்கள் என்றால் திட்ட ஆண்டு முடிந்து 120 நாளுக்குள், நிதிநிலை அறிவிப்பு என்று ஒரு கடிதம் வரும். பலர் விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். அதில் ஒரு சதவீதம் இருக்கும்: தருவதாகச் சொன்ன ஒவ்வொரு நூறு டாலருக்கும் கையில் எத்தனை டாலர் இருக்கிறது என்று. மூன்று வருட எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சட்டம் இதேபோல் தனியாகப் போடும் கணக்கில் சதவீதம் 80க்குக் கீழே போனால் மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் எடுக்கச் சட்டமே தடை போடும். 60க்குக் கீழே போனால் புதிதாகப் பென்ஷன் சேர்வதே நின்றுவிடும். ஒரு வருட எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். மூன்றும் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். 1963இல் சவுத் பெண்ட் தொழிலாளி எவர் வீட்டுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்திருக்கவில்லை.

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவரும் வேறொரு கம்பெனியில் ஓய்வு பெற்று மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர். "அப்படி ஏதோ ஒன்று வந்ததே" என்று எழுந்துபோய் வண்டிக்குள் ஏறினார். டாஷ்போர்டு அறையைக் குடைந்தார். சாம்ப் வண்டியின் பின்பக்கக் கண்ணாடி பக்கவாட்டில் நகரும். அமெரிக்க பிக்கப்களில் அது வந்த புதிதில் பெரிய விஷயம். அதைச் சர்ரென்று தள்ளித் திறந்து, பிரிக்காத உறை ஒன்றை என் கையில் நீட்டினார்.

அகலப் பெட்டியின் விளிம்பில் வைத்துப் பிரித்தோம். 88, 91, 93.

"ஏறிக்கொண்டுதான் இருக்கிறது" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து மூன்று எண்ணையும் உறையின் மேலேயே எழுதிக்கொண்டார். "சரி, அடுத்த பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.