மால்ட்டாவில் காற்றைப் பார்க்காமல் கடலில் இறங்குகிறவர்களுக்கு

"குளம் மாதிரிதானே இருந்தது டாக்டர்" என்பதை இந்தக் கோடையில் எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சென்ற வாரம் அவசரப் பிரிவில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு அதைச் சொன்னவர், மெரினாவில் முழங்காலுக்கு மேல் நனைந்ததே இல்லை என்று தானே ஒப்புக்கொண்ட சென்னை இளைஞர். இங்கே கோல்டன் பே கடற்கரையில் மட்டும் கழுத்தளவுக்கு இறங்கியிருக்கிறார். நண்பர் கைபேசியில் எடுத்த படத்தில், இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு பட்டை மட்டும் சலனமின்றித் தெரிந்தது. அமைதியான இடம் என்று அவர் தேடி இறங்கிய அந்தப் பட்டைதான், அவரை வெளியே இழுத்துச் சென்ற நீரோட்டம்.

மால்ட்டாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு சாண்தான் என்பது உண்மை. அதனால் மத்தியதரைக் கடலே சாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அலையை எழுப்புவது காற்று, ஐயா! பவுல் அப்போஸ்தலரின் கப்பல் மெலித்தா தீவில், அதாவது இதே மால்ட்டாவில், மோதி உடைந்ததாக விவிலியம் சொல்வது ஏரியில் நடந்த கதை அன்று.

நம் மீனவர்கள் வாடை, கொண்டல் என்பதுபோல, இங்கே வடமேற்குக் காற்றுக்கு மய்யிஸ்ட்ரால் என்றும் வடகிழக்குக் காற்றுக்கு க்ரிகால் என்றும் பெயர். மய்யிஸ்ட்ரால் வீசும் நாளில் மேற்கு நோக்கிய கோல்டன் பே, ஐன் துஃபீஹா கடற்கரைகள் கொந்தளிக்கும்போது, மெல்லீஹாவின் அதீரா கடற்கரை பெரும்பாலும் அடங்கியே இருக்கும்; க்ரிகால் எழுந்தால் நிலைமை தலைகீழ். விடுதியில் கேட்டாலே காற்றின் திசையைச் சொல்லிவிடுவார்கள்.

சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள், படம் எடுக்கக்கூட. ஊதாக் கொடி ஜெல்லி மீனுக்கு. நீலக் கொடி அந்தக் கடற்கரையின் தரத்துக்கான சான்று; இன்றைய அலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நீரோட்டம் ஆளை அடியில் அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதுதான் ஆளைக் கொல்கிறது. மிதந்தபடி கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்காமல் உயிர்காப்பாளரை அழைக்கட்டும், அவர் இல்லையென்றால் அவசர உதவி எண் 112.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மீட்கப்பட்டவர் எழுந்து நடந்தாலும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மறுநாள் காலை விமானம் என்பது அறையில் படுத்திருக்கக் காரணமாகாது.