மூன்று டப்பாக்களும் ஒரு மஞ்சள் காமாலையும்

கல்லீரல் மருத்துவர் ஒரு அம்மாவை என்னிடம் அனுப்பியிருந்தார். 55 வயது. கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. ஹெபடைடிஸ் வைரஸ் பரிசோதனைகள் எதிலும் ஒன்றும் இல்லை. பித்தப்பையில் கல் இல்லை. குடிக்கிற பழக்கம் பேச்சுக்கே இல்லை. "என்ன சாப்பிடுகிறார் என்று கொஞ்சம் துருவிக் கேளுங்கள்" என்று சீட்டில் எழுதியிருந்தார்.

மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்றே எல்லோரும் சொல்வார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போடுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்வேன். பல் விளக்கியதும் வெந்நீர் என்றார். அதற்கடுத்து வந்தது, மஞ்சள் கேப்சூல். மகள் வாங்கிக் கொடுத்ததாம், நாலு மாதமாகச் சாப்பிடுகிறாராம். மறுநாள் பையோடு வந்தார். மேசையில் மூன்று டப்பா வைத்தார்: மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ சாற்று மாத்திரை, ரெய்ஷி காளான் பொடி. மூன்றிலும் பெரிய எழுத்தில் ஆன்டிஆக்சிடன்ட்.

"செடிகொடியிலருந்து எடுத்ததுதானுங்க மேடம், அதுல என்னங்க கெடுதி வந்துரும்?"

ஊட்டச்சத்து ஆலோசகராக நான் வாரம் தவறாமல் கேட்கிற கேள்வி இது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வாழைப்பூவை நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போடுகிறோம். போடாவிட்டால் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் செய்கிற வேலை அது. மோரின் புளிப்பு அதைத் தாமதப்படுத்துகிறது. நம் உடம்புக்குள்ளும் செல்கள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும்போது தீப்பொறி மாதிரிச் சில மூலக்கூறுகள் தெறிக்கின்றன. அவை அளவு மீறினால் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் சேதப்படுத்தும். அவற்றைத் தணிக்கிற பொருளைத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம். ஆனால் அந்தப் பொறிகளே இல்லாமலும் உடம்பு ஓடாது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வது அவற்றால்தான். உடற்பயிற்சி செய்யும்போது தசைக்கு "இன்னும் பலமாகு" என்று செய்தி போவதும் அவற்றால்தான். அவற்றைக் கட்டுக்குள் வைக்க உடம்பு தானாகவே குளூட்டத்தயோன் போன்ற காவல்களை வைத்திருக்கிறது. தாவரச் சத்துகளில் பலவும் செய்கிற முக்கியமான வேலை அந்தக் காவலை லேசாகத் தட்டி எழுப்புவதுதான். தட்டி எழுப்புவதற்குச் சிட்டிகை போதும்.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் சுமார் 3 சதவீதம். நாலு பேருக்கு வைக்கிற குழம்பில் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் என்றால், ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம். அவருடைய கேப்சூல் 500 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு. அதாவது நூறு பேர் சாப்பிடுகிற குழம்பின் குர்குமினை ஒருவரே வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். கூடவே மிளகின் பைபரின். குர்குமின் ரத்தத்தில் சேர்வதைப் பைபரின் 20 மடங்கு கூட்டுகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். விற்பவர்கள் அதைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். கல்லீரலுக்கு அது எத்தனை பெரிய சுமை என்று அச்சிடுவதில்லை.

மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கல்லீரல் பாதிப்பு ஆய்வுக் குழு 2022-இல் வெளியிட்டது. ஒருவர் இறந்தார். 7 பேரிடம் ஒரே வகை மரபணுக்கூறு இருந்தது. யாரிடம் அது இருக்கிறது என்று கடைக்காரருக்கோ நமக்கோ தெரியாது. கிரீன் டீயும் இப்படித்தான். கோப்பையில் குடிக்கிறவரை பெரிய பயமில்லை. சாறாக்கி, அதிலுள்ள முக்கியச் சத்தான ஈ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அளவுக்குப் போனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

இதையும் சொல்லியாக வேண்டும். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் (கேரட்டின் நிறச்சத்து), வைட்டமின் ஈ மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற நம்பிக்கையில்தான். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. அதே நம்பிக்கையில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வை 1996-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கேரட் சாப்பிட்டு யாருக்கும் இப்படி ஆனதில்லை. புகைபிடிக்கிற ஒருவர் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

முதல் இரண்டு டப்பாவையும் அம்மா தானாகவே ஓரமாகத் தள்ளிவிட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காளானையாவது குடிக்கலாமுங்களா?" என்றார்.

ரெய்ஷி பொடியை வேண்டாம் என்றேன். அதனாலும் கல்லீரல் பாதித்த நோயாளிகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்தைக் குறைக்கும் என்பதற்கு பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 மீளாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் காளானை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. காரணம், காளானில் இருக்கிற எர்கோதியோனின் என்ற ஆன்டிஆக்சிடன்ட்.

1909-இல் பிரான்ஸின் சார்ல் தான்ரே, ரை என்ற தானியத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும்தான் இதைத் தயாரிக்கின்றன. செடியோ விலங்கோ நாமோ தயாரிப்பதில்லை. அப்படியிருந்தும் நம் செல்களில் இதை உள்ளே அழைத்து வருவதற்கென்றே ஒரு வாசல் இருப்பதை 2005-இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தேவையில்லாத பொருளுக்கு உடம்பு வாசல் வைத்துக் காத்திருக்குமா? சிங்கப்பூரில் 60 வயது தாண்டிய 663 பேரைப் பார்த்ததில், வாரம் இரண்டு தடவைக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களிடம் மறதியின் ஆரம்ப நிலை ஏறக்குறைய பாதியாக இருந்தது. காளான்தான் காரணம் என்று அதை வைத்தே சொல்லிவிட முடியாது. ஆனாலும் தட்டில் காளான் சேர்க்க எனக்கு இது போதும்.

மொட்டுக்காளானைவிடச் சிப்பிக்காளானில் எர்கோதியோனின் பல மடங்கு அதிகம். சூட்டில் அது எளிதில் அழியாது; தண்ணீரில் கரையும் என்பதால் வேகவைத்த நீரைக் கொட்டாமல் குழம்பிலேயே விட்டுவிடுங்கள். தக்காளிக்கும் சூடு நல்லது. எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்பு நிறச்சத்தான லைகோபீன் நன்றாக உடம்பில் சேரும். நெல்லிக்காயின் வைட்டமின் சி சூட்டுக்குத் தாங்காது, அதனால் பச்சையாகவோ துவையலாகவோ சாப்பிடலாம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் கீரை, பழம், காளான் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

மழைக்குப் பிறகு வேலியோரம் முளைக்கிற காளானைப் பறித்து வராதீர்கள். நச்சுக்காளானின் அமாடாக்சின், கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி பேதி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். பிறகு ஒரு நாள் தேறியதுபோல் தெரியும், அதற்குள் கல்லீரல் போய்விட்டிருக்கும். வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லை.

அம்மாவின் ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் என்சைம் முதலில் 900-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரைகளை நிறுத்தி ஒன்பது வாரத்தில் 40-க்குள் வந்துவிட்டது. கடைசியாக வந்தபோது, குழம்புக்கு மஞ்சள் போடலாமா என்று கேட்டார். தாராளமாகப் போடச் சொன்னேன். மகளுக்கும் அதே கேப்சூல் ஒரு டப்பா வீட்டில் இருப்பதாகச் சொன்னார். மகளையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.