வக்ஃபு: நின்ற சொத்து, நிலைக்கொடை

குர்ஆன் ஓதக் கற்கும் தமிழ்ப் பிள்ளை 'வக்ஃபு' என்ற சொல்லை முதலில் கேட்பது சொத்து வழக்கில் அன்று. வரிக்கு மேலே சிறிய 'மீம்' எழுத்து இட்டிருக்கும் இடத்தில் நிற்காமல் ஓதிக்கொண்டே போனால், "இங்கே வக்ஃபு செய்ய வேண்டும்" என்று உஸ்தாது திருத்துவார். அங்கே அச்சொல்லுக்கு நிறுத்தம் என்று பொருள். அதே பள்ளிவாசலில் மின்விசிறி இறக்கையிலோ சுவர்க் கடிகாரத்தின் அடியிலோ கொடுத்தவர் பெயரோடு 'வக்ஃபு' என்று எழுதியிருப்பதையும் அப்பிள்ளை பார்க்கும். இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் நாம் இரண்டாவது பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் 'முஸ்லிம்களின் தர்மச் சொத்து' என்று சுருக்கிவிட்டோம்.

வாவ், காஃப், ஃபா என்னும் மூன்று எழுத்துகளால் ஆன வேரிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு நிற்றல், நிறுத்துதல் என்பவையே அடிப்படைப் பொருள். ஹஜ்ஜின்போது அரஃபாத் சமவெளியில் நிற்பதற்கு 'வுகூஃப்' என்றும், இன்றைய அரபு நகரங்களில் வண்டி நிறுத்துமிடத்துக்கு 'மவ்கிஃப்' என்றும் பெயர். வக்ஃபின் பன்மை 'அவ்காஃப்'. அரபு நாடுகள் பலவற்றில் இப்பெயரில் அமைச்சகமே உண்டு.

சொத்துக்கும் நிறுத்தத்துக்கும் என்ன உறவு என்பதை ஒரு நபிமொழி விளக்குகிறது. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்யலாம் என்று நபித்தோழர் உமர் கேட்டபோது, விரும்பினால் அதன் மூலத்தை நிறுத்திவைத்துப் பலனைத் தருமம் செய்யலாம் என்று நபிகள் நாயகம் வழி சொன்னார். அதன்படி அந்நிலம் விற்பனைக்கோ அன்பளிப்புக்கோ வாரிசுப் பங்கீட்டுக்கோ உரியதன்று என்று விதித்து, விளைச்சலை ஏழைகளுக்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் அடிமைகளை மீட்பதற்கும் விருந்தினர்க்கும் என்று உமர் ஒதுக்கினார். நடத்துபவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் பொருள் சேர்க்கக் கூடாது என்பதும் அந்த விதிகளில் அடக்கம். வக்ஃபை நிர்வகிக்கும் நம் ஊர் முத்தவல்லியின் பொறுப்பும் அதன் வரம்பும் இந்த ஒரு வரியில் இருக்கின்றன. அந்த நபிமொழியில் வரும் வினை 'ஹப்ஸ்', அதாவது தடுத்து வைத்தல், என்பதோடு சேர்ந்தது. மொராக்கோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் வக்ஃபை இன்றும் 'ஹுபூஸ்' என்பார்கள். காசாபிளாங்கா நகரில் அப்பெயர் கொண்ட ஒரு பகுதியே இருக்கிறது.

ஆக, நிறுத்தப்படுவது கைமாற்றம். சொத்து நின்றுவிட, அதன் பலன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இவ்வகைக் கொடை 'சதகத்துல் ஜாரியா' என்பதில் அடங்குகிறது. 'சதகா' என்றால் தருமம், 'ஜாரியா' என்றால் ஓடுவது.

அந்த ஓட்டம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதை, 1326-இல் டமாஸ்கஸுக்குப் போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர்க்கு, ஏழைப் பெண்களின் திருமணச் சீருக்கு, சிறைப்பட்டோரை மீட்க, தெருவோர நடைபாதைகளைப் பேண என்று தனித்தனி வக்ஃபுகளை அடுக்கிவிட்டு, கண்ணால் கண்டதொன்றையும் சொல்கிறார். சந்து ஒன்றில் அடிமைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டு விழுந்து உடைந்துவிட, கூட்டம் கூடியது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போ என்றார் ஒருவர், அவரே கூடவும் போனார். உடைந்த சில்லுகளைக் காட்டியதும் அதே போன்ற தட்டு வாங்கப் பணம் கிடைத்தது. வெறுங்கையோடு போனால் எசமானிடம் அந்தச் சிறுவன் என்ன பட்டிருப்பான் என்பதை எண்ணி எவரோ ஒருவர் சொத்து எழுதி வைத்திருக்கிறார்.

ஜெருசலேத்தின் பழைய நகரில் இன்னொரு சான்று இன்னும் அடுப்பெரிந்து நிற்கிறது. உதுமானியப் பேரரசர் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் 1552-இல் அங்கே ஓர் அன்னசாலையை நிறுவி, லுத் உள்ளிட்ட ஊர்களின் வருவாயை அதற்கு எழுதிவைத்தார். காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி என்று என்ன சமைப்பது என்பதுவரை வக்ஃபு ஆவணமே விதித்திருக்கிறது. 'தகிய்யா' எனப்படும் அவ்விடத்தில் ஏழைக் குடும்பத்தார் பாத்திரத்தோடு வந்து உணவு வாங்கிப் போவது இன்றும் நடக்கிறது, நோன்பு மாதத்தில் மிகுதியாக. (காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாம் சொல்லும் 'தைக்கா' இச்சொல்லின் திரிபே.) அதே நகரத்தில், பாலஸ்தீனத் தொழிலதிபர்களும் அறிஞர்களும் 1983-இல் தொடங்கிய 'தஆவுன்' என்னும் அமைப்பு பழைய வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் பழுதுபார்த்து மக்கள் குடியிருக்கத் தக்கவையாக ஆக்கிவருகிறது; அப்பணி 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. மரபைக் காப்பதும் பசியைப் போக்குவதும் இருவேறு தொண்டுகள் என்று பிரிப்பது இன்றைய அலுவலகப் பழக்கம். சுவர் நின்றால்தான் சோறு வரும் என்று அமைந்தது வக்ஃபு.

இதற்குத் தமிழ் என்ன? 'அறக்கட்டளை' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் இன்றைய வழக்கில் அச்சொல் பதிவு பெற்ற எந்த அமைப்பையும் குறிக்கும். அதன் சொத்தை விற்று வேறு வாங்கலாம், அமைப்பைக் கலைக்கவும் கூடும். 'அறக்கொடை'யில் கொடை உண்டு, நிற்றல் இல்லை. 'நன்கொடை' இதற்குச் சற்றும் பொருந்தாது. கொடுத்ததும் செலவாகிவிடும் பணத்தின் பெயர் அது.

இந்தக் கருத்து தமிழுக்குப் புதியதன்று என்பதுதான் வியப்பு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை விட்டுவைத்த சோழர் காலத்தார், நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று விதித்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு சாகும், மூப்படையும். குட்டியிட்டு எண்ணிக்கை குறையாது நிற்பதால் மந்தை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. பொன் கொடுத்தவர்களோ முதல் அப்படியே இருக்கப் பொலிசையை, அதாவது வட்டியை, கொண்டு அறம் நடத்தச் சொன்னார்கள். அந்த மரபு சமயம் கடந்தும் சென்றது: பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப் பள்ளி என்னும் பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னன் இறையிலி (வரியில்லா) நிலம் அளித்ததைத் திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று சொல்கிறது.

ஆகவே நான் 'நிலைக்கொடை' என்பதைத் தேர்கிறேன். நில் என்ற வினையடியும் அரபு வேரும் பொருளில் ஒன்றுதான்; நிலை என்பதில் நிற்றலும் உண்டு, நீடித்தலும் உண்டு. 'வக்ஃபு வாரியம்' போன்ற சட்டப் பெயர்களை மாற்ற வேண்டியதில்லை, ஊர்ப்பேச்சில் ஊறிய 'வக்ஃபு'வையும் விரட்ட வேண்டாம். பொதுவாசகர்க்கு எழுதும்போது முதல்முறை வருமிடத்தில் நிலைக்கொடை என்று விளக்கிவிட்டால் போதும். வக்ஃப், வக்பு, வக்ஃபு என்ற எழுத்து வேறுபாடுகளில் எதையாவது ஒன்றைக் கட்டுரை முழுவதும் ஆளுங்கள்.

வினைச்சொல்லில்தான் கவனம் வேண்டும். "நிலத்தை வக்ஃபு வாரியத்துக்குக் கொடுத்தார்" என்று எழுதினால், வாரியம் உரிமையாளராகிவிட்டது போலத் தோன்றும். சட்ட அறிஞர் பலர் கருத்துப்படி அந்த உரிமை இறைவனுக்கே போய்விடுகிறது; வாரியமும் முத்தவல்லியும் மேற்பார்ப்பவர்களே. கோயிலுக்கு ஆடு விட்டான், தருமத்துக்குத் தோப்பு விட்டார் என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அந்த 'விட்டார்' இதற்கு மிகச் சரியாகப் பொருந்தும்: "தோப்பை நிலைக்கொடையாக விட்டார்."