பிறவிக் கண்புரை: ‘பிறவி’ வேறு, ‘பரம்பரை’ வேறு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டி கைப்பேசியை நீட்டினார். பிறந்து இருபது நாளான பேத்தியின் படம். பிளாஷ் அடித்தால் கண்மணி சிவப்பாகத் தெரியும். இந்தக் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் சாம்பல் வெள்ளை. “பூ விழுந்திருக்கு தம்பி. மருமக வீட்டுப் பரம்பரை,” என்றார். கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) மலாயில் ‘கத்தாராக்’ என்று சீட்டு எழுதி, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்.

பூ என்பது கருவிழியின் மேல் படியும் வெண்தழும்பு. கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை மங்கினால் அது புரை. புரையின் ஆங்கிலப் பெயரான ‘கேட்டராக்ட்’ கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த சொல். அருவி என்றும், கோட்டை வாசலில் மேலிருந்து இறங்கும் கம்பிக்கதவு என்றும் பொருள். பாட்டியின் பூவும் விழுகிறது, கிரேக்கரின் அருவியும் விழுகிறது. ஆனால் கண்ணுக்குள் எதுவும் விழுவதில்லை. புரை என்றால் குற்றம், குறை. ‘புரைதீர்ந்த நன்மை’ என்கிறார் வள்ளுவர் (குறள் 292). புண் உள்ளுக்குள் அரித்துப் போனால் ‘புரையோடிவிட்டது’ என்கிறோம். குறை வில்லைக்கு உள்ளேயே இருப்பதால் மூன்றில் ‘புரை’தான் சரியாகப் பொருந்துகிறது.

அந்த வில்லையில் இரத்தக் குழாய் கிடையாது. கிறிஸ்டலின் என்ற புரதங்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால்தான் அது கண்ணாடிபோல் இருக்கிறது. புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், அது திரண்டு ஒளியைச் சிதறடித்துவிடும். 1963இல் ரென்விக், லாலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு குடும்பத்தின் பிறவிப் புரை டஃபி என்ற இரத்த வகையோடு சேர்ந்தே இறங்குவதைக் கண்டார்கள். 1968இல் டஃபியின் இடம் முதலாம் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) என்று தெரிந்தது. புரைக்கும் முகவரி கிடைத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம்.

‘ஜீன்’ 1909இல் டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சன் வைத்த பெயர். நாம் மரபணு என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் ‘மரபு’ முன்னால் நிற்பதால் எல்லாம் முன்னோர் கொடுத்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. குழந்தையிடம் புதிதாகவே மாற்றம் தோன்றலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்து, பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கலாம். தாய் தகப்பன் இருவருமே வெளியே தெரியாமல் சுமந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடும். அப்போது மருமகள் வீட்டை மட்டும் எப்படிக் கைகாட்டுவது?

மரபணுவே காரணமில்லாத பிறவிப் புரையும் உண்டு. கர்ப்பத்தில் வரும் ருபெல்லா அம்மை குழந்தையின் கண்ணைக் கெடுக்கும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் கிரெக் 1941இல் காட்டினார். ஆகவே ‘கன்ஜெனிட்டல்’ என்பதற்குப் ‘பிறவி’ போதும். ‘மரபுவழி’ என்பதைச் சோதனைக்குப் பிறகு சொல்லலாம். காரணம் தெரிந்தால் சிகிச்சையே மாறும். பாலில் உள்ள ஒரு சர்க்கரையை உடலால் செரிக்க முடியாத கேலக்டோசீமியா என்ற நோய் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஆகாது. சீக்கிரம் பாலை நிறுத்தினால் புரை தெளியக்கூடும்.

“முப்பது நாள் கழியட்டும், பச்சை உடம்புக்காரியை எங்க அலைக்கிறது?” என்றார் பாட்டி. அடர்ந்த புரையைப் பிறந்த முதல் சில வாரங்களில் எடுத்தால்தான் மூளை பார்க்கப் பழகும். முப்பதுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே ஈப்போவுக்குப் போகலாம், நான் காரைக் கொண்டு வருகிறேன் என்றேன்.