பேருக்கு நின்றவரும் கணக்குக் காட்ட வேண்டும்

நாடாளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்புக்கு 5 ஆசனம். பட்டியலிலோ 8 பெயர் வேண்டும். அம்பாறையில், அதாவது திகாமடுல்லவில், 7 ஆசனத்துக்கு 10 பேர். "பேரை மட்டும் போடு மச்சான், மிச்சத்தை நாங்க பாக்கிறம்" என்று கையெழுத்து வாங்கி இடம் நிரப்புவது நம் பக்கத்தில் புதிதல்ல. அப்படி நின்றவர் ஒரு நோட்டீஸ்கூட அடித்திருக்கமாட்டார். ஆனாலும் சட்டத்துக்கு அவரும் வேட்பாளர்தான்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு விபரத்தை ஒப்படைக்க வேண்டும். வாக்களித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. வென்றவர், தோற்றவர், கட்டுக்காசு இழந்தவர் என்ற பேதமும் இல்லை. நாடாளுமன்றத் தேர்தல் என்றால் வேட்பாளர் மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுப்பார். வழமையாக அது அரசாங்க அதிபர்தான். ஜனாதிபதித் தேர்தல் என்றால் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம். கட்சிச் செயலாளருக்கும் இதே கடமை உண்டு.

பலர் தடுமாறுவது செலவில் அல்ல, வரவில். வாழைச்சேனையில் ஒரு கூட்டத்துக்குத் தெரிந்தவர் ஒலிபெருக்கியைச் சும்மா தந்தார் என்று வைப்போம். காசு கைமாறவில்லை, ஆனால் அது பொருளாக வந்த நன்கொடை, எழுதத்தான் வேண்டும். கடனாக வாங்கியதும் அப்படியே. யார் தந்தது என்று தெரியாத பணத்தைத் தொடவே கூடாது. அரச திணைக்களம், கூட்டுத்தாபனம், வெளிநாட்டு அரசு ஆகியவற்றிடமும் வாங்க முடியாது. "லண்டன்ல இருந்து பெடியள் அனுப்பினவங்கள்" என்ற ஒற்றை வரி கணக்காகாது.

செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணைக்குழு அதை வர்த்தமானியில் அறிவிக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா; 1,71,40,354 வாக்காளருக்கும் பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 186 கோடியே 83 இலட்சம். அதில் 60 வீதம் வேட்பாளர் செலவழிக்கலாம், 40 வீதம் கட்சிச் செயலாளர். எங்கள் ஊர்ச் சுயேச்சைக்காரருக்கு இந்த வரம்பெல்லாம் கனவிலும் எட்டாது. அவரைப் பிடிப்பது அந்த 21 நாள்தான்.

கணக்குக் கொடுக்காவிட்டால் அது சட்டவிரோதச் செயல். வழக்கு நீதிமன்றம் போகும், தண்டம் வரும், வாக்குரிமையும் சில காலம் போகலாம். "மச்சான் கேட்டான்" என்பது அங்கே செல்லாது. ஒரு ரூபாவும் செலவில்லை என்றால் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.