சிலிண்டர் போனது, கார்பன் மோனாக்சைடு போகவில்லை

பல்லேடியம் வினையூக்கியைக் கொண்டு கார்பனைலேற்ற வினையை, அதாவது கார்பன் மோனாக்சைடை ஒரு மூலக்கூறில் சேர்க்கும் வினையை, தொடங்கியிருந்தார் ஒரு மாணவர். வாயு சிலிண்டருக்குப் பதிலாக, குப்பிக்குள்ளேயே அந்த வாயுவை விடுவிக்கும் பொடியை அவர் பயன்படுத்தினார். அவர் சட்டையில் மாட்டியிருக்க வேண்டிய கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் இழுப்பறையில் அணைந்து கிடந்தது. கேட்டதற்கு, "சிலிண்டரே இல்லையே, வெறும் வெள்ளைப் பொடிதானே" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிலிண்டரைக் கைவிட்டது நல்ல முடிவு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. 10 லிட்டர் சிலிண்டரில் 100 பார் அழுத்தத்தில் சுமார் 1,000 லிட்டர் வாயு இருக்கும். அத்தனையும் 100 கன மீட்டர் அறையில் கசிந்தால் 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்). உயிருக்கு உடனடி ஆபத்து என வகுக்கப்பட்ட அளவோ 1,200 பிபிஎம். ஆய்வகத்தில் வழக்கமான சிறு அளவான ஒரு மில்லிமோல் வினைக்குத் தேவையான 24 மில்லிலிட்டர் அதே அறையில் முழுதாகக் கலந்தாலும் கால் பிபிஎம்மைக்கூட எட்டாது.

மாற்றுகளில் என் முதல் தேர்வு என்-ஃபார்மைல்சாக்கரின். கையாள எளிய திடப்பொருள். மென்மையான காரம் பட்டதும் வாயுவை விடுவிக்கும். வாயுவை விடுவிக்கும் இன்னொரு திடப்பொருளான மாலிப்டினம் ஹெக்ஸாகார்பனைலை நான் தவிர்க்கிறேன். அதுவே ஆவியாகக்கூடிய நச்சு, உலோகக் கழிவும் மிஞ்சும், உங்கள் மூலக்கூறில் நைட்ரோ தொகுதி இருந்தால் அதையும் ஒடுக்கி வேறு தொகுதியாக மாற்றிவிடக்கூடும். காரம் உங்கள் மூலக்கூறுக்கு ஆகாதென்றால், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிட்ஸ்ட்ருப் குழு பரவலாக்கிய இரட்டை அறைக் குப்பி கைகொடுக்கும்: ஓர் அறையில் வாயு உருவாகும், மற்றதில் வினை நடக்கும். ஐசோடோப்பு இட்ட கார்பனை (அடையாளத்துக்காகச் சேர்க்கும் கார்பனின் வேறு எடை வகையை) வீணாக்காமல் சேர்க்க இதைவிட நல்ல வழியை நான் பயன்படுத்தியதில்லை.

ஆனால் இவை எல்லாமே குப்பிக்குள் அதே வாயுவைத்தான் உண்டாக்குகின்றன. 24 மில்லிலிட்டர் வாயு குப்பியில் திரவத்துக்கு மேலுள்ள 12 மில்லிலிட்டர் காலியிடத்தில் அடைபட்டால், சூடேற்றும் முன்பே அழுத்தம் இரண்டு வளிமண்டலம் கூடிவிடும். பொடியை எடைபோடும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கீறல் விழுந்த கண்ணாடியைத் தொடாதீர்கள். அளவை 100 மில்லிமோலுக்கு உயர்த்தினால் 2.4 லிட்டர் வாயு வரும். அப்போது "வெறும் பொடி" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுநாள் அந்தக் குப்பியை, நச்சு வாயுவை வெளியே உறிஞ்சும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்து, டிடெக்டரை அதன் அருகே நிறுத்தினோம். மாணவர் ரப்பர் மூடியில் மெல்ல ஊசியைச் செருகினார். சில நொடிகளில் டிடெக்டர் அலறியது.